மூச்சையும் கூலிக் கணக்கில் எழுதுவோம்!
புதுக்கடை வட்டாரத் தோழர்களுக்கு ஓர் அறைகூவல்

தோழர்களே!

முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசில் உழைக்கும் அக்காமாரே, அம்மைமாரே! சூளையில் செங்கல் சுமப்பவர்களே! விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அண்ணன்மாரே! தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளம் இறக்குபவர்களே! புதுக்கடை ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுபவர்களே, கடை நடத்துபவர்களே!

போனஸ் பேச்சுவார்த்தைக்கு நாள் நெருங்கிவிட்டது. கூலி, பஞ்சப்படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று இதுவரை மேசையில் வைத்துப் பேசியிருக்கிறோம். இந்த முறை நம் மூச்சையும் வைத்துப் பேச வேண்டும். வேலையிடத்தில் நாம் இழுக்கும் புகையும், நம் தலையில் இறங்கும் சூடும் நம் வேலை நிபந்தனைகள். அவற்றுக்கு முதலாளியும் அரசும் பதில் சொல்லியாக வேண்டும். மாசி பிறந்து வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு கூடிப் பேசிப் பயனில்லை. இப்போதே இறங்க வேண்டும்.

கொல்லாங்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்து பொள்ளும். அதனால்தான் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைக்க உட்காருகிறோம். அதே எண்ணெய் வறுக்கும் டிரம்மில் எரிந்து புகையாக வந்தால் எதைப் பூசிக்கொள்வது? நுரையீரலுக்குப் பூசச் சாம்பல் உண்டா? கூலி வாங்கி வீட்டுக்கு வந்தால் அடுப்பில் கொதும்பும் சிரட்டையும் புகைகின்றன. ரோட்டில் இறங்கினால் கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிக் கேரளத்துக்கு ஓடும் டாரஸ் லாரிகளின் டீசல் புகை. மலையை உடைத்த தூசி நம் வீட்டுத் திண்ணை வரை வந்து படிகிறது. சாயங்காலம் ஆனால் தெருவோரத்துக் குப்பையோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிகிறது.

கண்ணுக்குத் தெரியும் புகையைவிடத் தெரியாத துகள்தான் பெரிய எதிரி. பி.எம். 2.5 என்று மருத்துவர்கள் சொல்வது, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாத துகளை. மூக்கில் அது நிற்காது, தொண்டையிலும் நிற்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமாவும் தீராத இருமலும் மட்டும் அதன் வேலை என்று நினைக்காதீர்கள். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013லேயே வகைப்படுத்திவிட்டது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் காற்று மாசால் சுமார் 16.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

இந்தத் துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுச் சட்டம் 40 வரை போகலாம் என்கிறது. எட்டு மடங்கு! உலகத்தாரைவிட எட்டு மடங்கு நஞ்சைத் தாங்கும் நுரையீரலோடா நம் பிள்ளைகள் பிறக்கிறார்கள்?

பிறக்கும் முன்பே அடி விழுகிறது, தோழர்களே. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், காற்றில் துகள் கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைவதைக் கண்டார்கள். அதே நிறுவனம் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய இன்னொரு ஆய்வு சூட்டைப் பற்றியது. வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் இரு மடங்காக இருந்தன. அந்த உப்பளத்துப் பெண்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். ஒதுங்க ஒரு கக்கூஸ் இல்லை என்பதே காரணம். தண்ணீர் குடிக்காமல் சூட்டில் நின்றால் சிறுநீரகம் பழுதாகும். நம் சூளைகளில் மட்டும் வேறு கதையா? அக்காமாரே, நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்ச் சூடு ஈரச் சூடு. கடல் பக்கம் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. பாலைவனத்து 40 டிகிரியைவிட நம் கரையின் 35 டிகிரி சில நாள் கொடியதாக இருப்பது இதனால்தான். தெர்மாமீட்டரில் எண் ஏறவில்லை என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள்.

புகையும் சூடும் ஒரே நெருப்பில் பிறந்தவை. நிலக்கரியும் டீசலும் எரியும்போது வரும் துகள் இன்றைக்கே நெஞ்சில் இறங்குகிறது. கூடவே வரும் கரியமில வாயு வானில் தங்கி, நாளைக்குக் கடலைச் சூடாக்குகிறது. சூடேறிய கடலில் புயல் வலுக்கிறது. ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30ஐத் தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடி வரை எந்த வீடு மறக்கும்? அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 2001க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடியிருப்பதாகப் புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் கணித்திருக்கிறது. 2021 நவம்பரில் குழித்துறையாறு கரை மீறியது. வெள்ளம் வடிந்தாலும் அதன் பின்னே எலிக்காய்ச்சலும் டெங்கும் வரும். பெருமழைக்குப் பால்வெட்டு நின்றால் கூலியும் நிற்கும். நோயும் பட்டினியும் ஒரே வாரத்தில் ஒரே வீட்டுக்குள் நுழைகின்றன.

இதற்கெல்லாம் குற்றவாளி யார்? கொதும்பு எரிக்கும் அம்மையா? பழைய ஆட்டோ ஓட்டும் தம்பியா? அவர்கள் மேல் பழி போடுபவனை நம்பாதீர்கள். புகைப்போக்கிக்குச் செலவழிக்காமல் லாபத்தை எண்ணுபவனும், லாரியின் பாரத்தைக் காணாததுபோல் விடும் அதிகாரியும், சட்டத்தை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் அரசும்தான் இந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவர்கள்.

"புகை, தூசி என்று பேசினால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும், வேலை போய்விடும்" என்று ஒரு பயமுறுத்தல் உடனே வரும். இந்தப் பேச்சு நமக்குப் புதிதில்லை. கொல்லத்தில் கூலி கூடியபோது அங்கிருந்த முதலாளிகள் எல்லை தாண்டிக் குமரிக்கு வந்த வரலாறு நம் மூத்த தொழிலாளிகளுக்குத் தெரியும். கொல்லத்துத் தொழிலாளியைக் காட்டி நம்மையும், நம்மைக் காட்டிக் கொல்லத்துத் தொழிலாளியையும் பயமுறுத்துவது அவர்கள் வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே கோரிக்கையை எழுப்பினால் ஓட இடம் இருக்காது. ஆபீசை மூடு என்று நாம் கேட்கவும் இல்லை. டிரம்மில் வறுப்பதை விட்டு ஆவியில் வேகவைக்கும் முறை பல ஆலைகளில் நடப்பில் இருக்கிறது. முந்திரி ஆலைகளுக்கென்றே மத்திய அரசு 2010இல் புகைத் தரம் வகுத்திருக்கிறது. சட்டப்படி நடத்து என்கிறோம், அவ்வளவுதான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1981 முதல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாசற்ற காற்று உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் உரிமையே என்று 2024இல் சொன்னது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசே 2024இல் அறிவித்தது. ஆனால் ஏட்டில் உள்ள உரிமை தானாக இறங்கி வந்து நம் சூளைக்குள் நுழையாது.

போராடாமல் உரிமை வராது என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மேல் 1954 ஆகஸ்ட் 11 அன்று திருவாங்கூர்-கொச்சி போலீஸ் மார்த்தாண்டத்திலும் இந்தப் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடத்தியது. நம் மக்கள் செத்து விழுந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1956 நவம்பர் 1 அன்று குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. அதே 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதற்கு விலை, 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் கரிப்புகையில் மாண்ட ஆயிரக்கணக்கான உயிர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையின் மாசுக்கு எதிராகத் தூய காற்றும் நீரும் கேட்டவர்கள் மேல் தோட்டா பாய்ந்து 13 பேர் போனார்கள். இனிப் பிணம் விழுந்த பிறகு சட்டம் எழுதும் வழக்கம் நமக்கு வேண்டாம்.

நம் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு அண்டி ஆபீசிலும் தரமான புகைப்போக்கி, காற்றோட்டம், ஆவி முறை.
2. உச்சி வெயிலில் சூளையிலும் சாலை வேலையிலும் கூலி பிடிக்காத ஓய்வு, நிழல், குடிநீர். பெண்களுக்குப் பூட்டுள்ள கழிப்பறை.
3. கர்ப்பிணிகளுக்குப் புகையும் சூடும் இல்லாத மாற்று வேலை, அதே கூலியில்.
4. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீடு வரும்போது ரத்த அழுத்தம், சர்க்கரையோடு நுரையீரல் சோதனையும். மருத்துவச் சீட்டில் நோயாளி என்ன வேலை செய்கிறார் என்ற வரியும்.
5. புதுக்கடை ஜங்ஷனில் காற்றின் தரத்தை எல்லாரும் படிக்கும்படி காட்டும் கருவி.
6. கல் லாரிகளுக்குத் தார்ப்பாய், பார வரம்பு, பள்ளிக்கூட நேரத்தில் தடை.
7. புயலாலும் பெருமழையாலும் வேலை நின்ற நாட்களுக்கு மீனவருக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் நிவாரணக் கூலி.

இன்றே தொடங்க வேண்டிய வேலை இருக்கிறது. ஒவ்வொரு வேலையிடத்திலும் இரண்டு பேர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமுபவர் எத்தனை பேர், இன்ஹேலர் வைத்திருப்பவர் எத்தனை பேர், வெயிலில் மயங்கியவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வேலை போகும் என்ற பயம் யாருக்கும் வரக் கூடாது. புகை கக்கும் நேரத்தைத் தேதியோடு போனில் படம் பிடியுங்கள்.

ஆகஸ்ட் 11 மாலை, தியாகிகள் நாளில், எல்லா நோட்டுகளோடும் புதுக்கடை ஜங்ஷனில் கூடுவோம். ஆகஸ்ட் 15 அன்று முஞ்சிறை ஒன்றியத்து ஊராட்சிகளில் இருக்கும் தோழர்கள் கிராம சபையில் எழுந்து இந்த ஏழு கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கேளுங்கள். பேரூராட்சிக்காரர்கள் உங்கள் கவுன்சிலரின் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து நாகர்கோவில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம். அதன் பிறகு பேச்சுவார்த்தை மேசை. எந்த இடத்துக்கும் தனியாகப் போகாதீர்கள், எந்த இடத்திலிருந்தும் எழுத்தில் பதில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கூலி கேட்டோம், கொடுத்தார்கள்! மூச்சும் கேட்போம், கொடுத்தாக வேண்டும்!
புகைக்குக் கணக்குச் சொல்! சூட்டுக்கு ஓய்வு கொடு!
அண்டி ஆபீசும் சூளையும் கடலும் ஒன்று சேர்க!
ஆகஸ்ட் 11, புதுக்கடை! எல்லாரும் வாருங்கள்!