பாதியில் நிற்கும் வேலை

சென்ற வருஷம் நம் வீட்டில் நடந்த ஒரு சிறு அநியாயத்தை நேயர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. அநியாயம் செய்தவர் நாமேதான்.

எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நம் பையன், விமான மாதிரி ஒன்று வேண்டுமென்று வெகு நாளாய்க் கேட்டு வந்தான். 1965-ஆம் வருஷப் போரில் பெயரெடுத்த நாட் என்னும் சிறிய போர் விமானம் அது. பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசி நாமே முடிக்க வேண்டும். அளவு 72-இல் ஒரு பங்கு. அதாவது ஆறடி மனிதன் ஓரங்குல உயரம் நிற்பான். 22 அடி அகலமுள்ள விமானம் நாலங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

பையன் சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாள் உட்கார்ந்து உடலையும் இறக்கைகளையும் ஒட்டினான். மூன்றாம் நாள் மாலை விருந்தாளிகள் வந்தார்கள். நாம் என்ன செய்தோம்? எல்லாவற்றையும் பழைய பத்திரிகைத் தாளில் வாரிச் சுருட்டிப் பீரோவின் மேல் வைத்தோம். இறக்கை ஒன்று பெயர்ந்தது; மிளகளவுச் சக்கரம் ஒன்று போன இடம் தெரியவில்லை. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் அந்தப் பெட்டியைத் தொடவுமில்லை. சண்டை போட்டிருந்தால் நமக்கு இவ்வளவு உறுத்தியிராது.

எடுத்த காரியத்தை முடிக்க வேண்டும் என்று வகுப்பில் தினந்தோறும் உபதேசிப்பவர் நாம். முடியாத வேலைக்கு அன்றிரவு படுத்திருக்க ஓர் இடம் வேண்டுமே என்பது மட்டும் நமக்குத் தோன்றாமல் போயிற்று.

நிற்க. இரண்டு அறையுள்ள வீட்டில் இதற்கென்று தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அறை வேண்டாம், மேஜை கூட வேண்டாம். இரண்டடிக்கு ஒன்றரையடியில் ஒரு பலகையும், அதன் நாலு விளிம்பிலும் அரையங்குல உயரத்துக்குச் சட்டமும் போதும். வேலை நடக்கும்போது பலகை மேஜைமேல் இருக்கும். இலை போடும் வேளையில் அப்படியே தூக்கிப் பீரோவின்மேல் வைத்துவிடலாம். எந்தத் துண்டு எங்கே கிடந்ததோ அங்கேயே கிடக்கும். சட்டம் இருப்பதால் ஒன்றும் உருண்டு விழாது. ஆயினும் மடியில் விழுவது உண்டு. மேனாட்டுப் பொற்கொல்லர்கள் பொன் தூளைப் பிடிக்க மேஜைக்கடியில் தோலைக் கட்டிக்கொள்வார்கள். நாம் பழைய வேஷ்டித் துண்டொன்றைப் பலகையின் ஓரத்தில் குத்தி மடிமேல் விரித்துக்கொள்ளச் செய்தோம். செலவில்லாத உபாயம்.

வெளிச்சத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சித்திர வேலை பற்றிய மேனாட்டுப் புத்தகங்கள் வடக்கு ஜன்னலை வெகுவாகப் புகழும். அங்கே உச்சிவேளைச் சூரியன் தென்புறமே நிற்பதால் வடக்கு வெளிச்சம் அதிகம் மாறாது. சென்னையோ வடக்கே 13-ஆம் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறான். அக்காலத்தில் வடக்கு ஜன்னலுக்கும் மெல்லிய வெள்ளைத் திரை வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு எப்படியும் இரவில்தானே பொழுது கிடைக்கிறது? ஆகவே, பகலொளியை ஒத்த வெள்ளை விளக்குகள் இரண்டை இரு பக்கமும் வைத்தால் கையின் நிழல் வேலைமேல் விழாது. மஞ்சள் விளக்கில் கலந்த சாம்பல் நிறம் காலையில் வேறு நிறமாகக் காட்சி தரும். அந்த ஏமாற்றத்தையும் அநுபவித்தாயிற்று.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காற்று. பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் சாதாரணப் பசை அன்று. இரு துண்டுகளின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குவது அது. அதன் ஆவி மூடிய அறையில் சேரக் கூடாது. ஜன்னலருகில் உட்கார வேண்டும். புட்டியை உடனுக்குடன் மூட வேண்டும். பிள்ளைகளுக்கு டர்பென்டைன் வேண்டும் எனாமலைவிடத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே மேல். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. ஆனால் மின்விசிறியின் கீழ் அக்ரிலிக் நொடியில் உலர்ந்துவிடுகிறதே என்றால், நனைந்த பஞ்சின்மேல் வெண்ணெய்த் தாளை விரித்து அதில் வர்ணத்தை வைக்கலாம். வெகு நேரம் காயாது.

விமானியின் கண்ணாடி மூடியை மட்டும் அவசரப் பசையால் ஒட்டிவிடாதீர்கள். அதன் ஆவி படிந்து நம் மூடி சுண்ணாம்படித்தாற்போல் வெளுத்துவிட்டது. தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையே போதும், உலர்ந்தால் தெரியாது. தூரிகை கழுவக் காப்பித் தம்ளரை எடுப்பதும் கூடாது. ஏன் என்பதைப் பையனின் பாட்டி விரிவாகச் சொல்லுவார்.

பலகையைச் செய்து கொடுத்த அன்று பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் எடுக்க மாட்டீர்களே?" என்று மட்டும் கேட்டான். மாட்டோம் என்றோம். அன்றிரவே பெட்டி திறக்கப்பட்டது. பெயர்ந்த இறக்கையை ஒட்டினான். தொலைந்த சக்கரத்துக்குப் பதிலாக, துண்டுகளைத் தாங்கி வந்த பிளாஸ்டிக் குச்சியிலிருந்து ஒரு வில்லை நறுக்கி, மூன்று மாலை உட்கார்ந்து அராவி வட்டமாக்கினான்.

விமானம் இப்போது புத்தக அலமாரியில் நிற்கிறது. ஒரு சக்கரம் மற்றதைவிடச் சற்றுத் தடிமன்.