மடக்கு வண்டி

தூங்கும் குழந்தை ஒரு தோளில், கனமான பை மறு தோளில். விமானம் மாறும் ஊரில் அரை மணி நேரம் நடந்திருக்கிறாள் என் தங்கை. "ஏம்மா, தள்ளுவண்டி கொண்டு போகவில்லையா?" என்றேன். "கொண்டுதான் போனேன் அண்ணா! விமான வாசலில் வாங்கிக்கொண்டார்கள். சென்னையில்தான் கொடுத்தார்கள்."

ஆகவே வண்டி வாங்கும் சகோதரிகளே, நிறத்தைப் பிறகு பாருங்கள். முதலில் மடித்த அளவைக் கேளுங்கள். குடைபோல் மடங்குகிறதே என்று மயங்க வேண்டாம். அந்த வித்தையை 1965-ல் கண்டுபிடித்த ஓவன் மேக்ளாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களை உருவாக்கியதில் பங்குகொண்டவர். விமானத்தின் காலையே மடக்கியவருக்கு வண்டி எம்மாத்திரம்! ஆனால் அது மடித்தாலும் நீளம். தலைக்கு மேலுள்ள தட்டில் ஏறாது.

கைப்பெட்டிக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்லும் அளவு 56, 45, 25 சென்டிமீட்டர். பிரான்சில் பிறந்த 'யோயோ' மடித்தால் 52, 44, 18தான். எடை ஆறு கிலோ சொச்சம். ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி சட்டம் வேறு. டிக்கெட் வாங்குமுன் கேட்டுவிடுங்கள். தலை நிற்காத சிசுவென்றால், முதுகு நன்றாகச் சாயும் வண்டிதான் வேண்டும். சின்ன வண்டிகள் பலவற்றில் அது கிடையாது.

கடைக்காரர் 'டக்'கென்று மடக்கிக் காட்டுவார். அவருக்கென்ன, இரண்டு கையும் சும்மா இருக்கிறது! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் நீங்களே மடக்கிப் பாருங்கள்.

நாளை தங்கை அளவு நாடாவோடு கடைக்குப் போகிறாள். மடக்கும் பரீட்சை மாப்பிள்ளைக்காம்!