வயலில் பிறந்த பாட்டு: வரவு யாருக்கு?

ஆண்டுதோறும் ஜூன் 12ந் தேதி மேட்டூர் அணை திறப்பது என்பது ஒரு பழைய வழக்கம். தண்ணீர் சில ஆண்டுகள் முந்தி வரும். சில ஆண்டுகள் பிந்தி வரும். எப்போது வந்தாலும், அது கல்லணையைத் தாண்டி வாய்க்காலில் இறங்கியதும் தஞ்சாவூர்ச் சீமையின் கிராமங்களில் ஒரு சத்தம் கேட்கும். இடுப்பளவு குனிந்து நிற்கும் பெண்கள் வரிசை. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பாட்டின் தாளத்துக்குக் கை நாற்றை ஊன்றும். கடைசி முடி நட்டு முடிந்ததும் குலவை கிளம்பும்.

அந்தச் சத்தம் இப்போது குறைந்துவிட்டது. நடவு இயந்திரம் வந்துவிட்டது. பல இடங்களில் நேரடி விதைப்பு வந்துவிட்டது. இன்னும் சில ஊர்களில் வங்காளத்திலிருந்து வரும் ஆட்கள் குத்தகை பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். முதுகு ஒடியும் வேலை குறைந்ததற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையோடு பிறந்த பாட்டு எங்கே போயிற்று?

விடை வேடிக்கையானது. வயலில் குறைந்த பாட்டு கைத்தொலைபேசியில் பெருகியிருக்கிறது. சினிமாவைச் சாராத தமிழ் இசைக் கோஷ்டிகள் சென்ற பத்தாண்டுகளில் வரிசையாகக் கிளம்பியுள்ளன. தப்பும் கிடாரும் சேர்ந்து முழங்குகின்றன. ஒப்பாரியின் இழுவையில் ஆங்கில நாட்டுத் தாளம் ஓடுகிறது. இந்தப் புதிய ஆல்பங்களை எப்படி மதிப்பிடுவது? காதுக்கு இனிமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதுமா?

புத்தகமும் ஒலிநாடாவும்

வயல் பாட்டு வெளியுலகம் போவது இது முதல் தடவை அல்ல. பெர்ஸி மாக்வீன் என்ற ஆங்கில ஐ.சி.எஸ். அதிகாரி சேகரித்து வைத்த நாடோடிப் பாடல்களை, கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958ல் ‘மலையருவி’ என்று வெளியிட்டது. 1964ல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வந்தது. படித்தவர்கள் வீட்டு அலமாரியில் ஏற்றப்பாட்டும் தாலாட்டும் இடம் பிடித்தன.

பிறகு ஒலிநாடாக் காலம் வந்தது. வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனம் கிராமத்திலிருந்து புறப்பட்ட குப்புசாமி, தம் மனைவி அனிதாவுடன் சேர்ந்து மண்ணிசையை மேடையேற்றினார். மதுரையிலிருந்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாடினார். திருவிழா ஒலிபெருக்கியிலும் டீக்கடையிலும் இவர்கள் குரல் ஒலித்தது.

இதே காலத்தில் வேறொரு குரலும் எழுந்தது. 1968ம் ஆண்டு டிசம்பர் 25ந் தேதி, அன்றைய தஞ்சை ஜில்லாவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டத்தின் முடிவு அது. கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை, சிவகங்கைச் சீமைக்காரரான கே. ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். கூலி கேட்டவன் பாட்டும் நாட்டுப் பாட்டுதான் என்று அவர் காட்டினார். இன்றைய கோஷ்டிகள் பலவற்றுக்கு வழி வெட்டிக் கொடுத்தவர் அவர் என்றே சொல்ல வேண்டும்.

புதிய கோஷ்டிகள்

2018 ஜனவரி 6ந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உண்டாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அன்று மேடையேறியது. பெயரின் மூலம், அயோத்திதாசப் பண்டிதர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்து. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டிலேயே விவாதம் செய்தார்கள். இந்தக் கோஷ்டியின் பலம் கூட்டுக்குரல். ஒருவர் எடுக்க, மற்றவர் வாங்கிப் பாடும் முறை. நடவு வரிசையின் முறையும் அதுதானே! பலவீனமும் உண்டு. கருத்தை விளக்கும் அவசரத்தில் சில பாட்டுகளில் மெட்டு பின்தங்கிவிடுகிறது.

அந்தக் கோஷ்டியில் முளைத்தவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு. 2019ல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து அவர் தந்த ‘தெருக்குரல்’ ஆல்பத்தின் பெயரே சிலேடை. வள்ளுவர் குறளைத் தெருவின் குரலாகத் திருப்பிப் போடுகிறது. சொல் அம்பு போல் பாய்கிறது. இசை சில இடங்களில் ஒரே தாளத்தில் நின்றுவிடுகிறது என்பது குறை. 2024ல் வந்த ‘வள்ளியம்மா பேராண்டி’ இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்திருக்கிறது. இதில் கோபம் மட்டும் இல்லை. கொண்டாட்டமும் பாட்டியின் நினைவும் உண்டு.

அந்தப் பாட்டியின் கதை தஞ்சைக்கும் அந்நியமானதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து நிலமற்றவர்கள் கப்பலேறினார்கள். 1964ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. மலையில் தழை கிள்ளிய கை, திரும்பி வந்தும் சொந்த நிலம் காணவில்லை.

தஞ்சாவூரின் பங்கு என்ன என்று கேட்கலாம். தப்பாட்டத்துக்குப் பேர் போன ரெட்டிப்பாளையத்திலிருந்து வந்தவர் அந்தோணிதாசன். கரகாட்ட மேடையில் பாடி ஆடி வளர்ந்தவர். ‘லா பொங்கல்’ கோஷ்டியில் பாடியவர். சினிமாவிலும் புகழ் பெற்றவர். அவர் குரலில் திருவிழாத் திடலின் புழுதி இன்னும் ஒட்டியிருக்கிறது. அதுவே அவர் தொகுதிகளின் அழகு. தஞ்சாவூரில் குடியேறிய சின்னப்பொண்ணு, 2008ல் ‘நாக்க முக்க’ பாட்டால் நாடறியப்பட்டு, 2011ல் தொலைக்காட்சியின் கோக் ஸ்டூடியோ மேடையில் வடநாட்டுப் பாடகர் கைலாஷ் கேருடன் சேர்ந்து பாடினார். மொழி தெரியாதவர்களும் தலையசைத்தார்கள்.

பிடில் வந்ததே, கிடார் வரக்கூடாதா?

‘தப்போடு கிடாரைச் சேர்த்தால் அது நாட்டுப் பாட்டாகுமா?’ என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தஞ்சை அரண்மனையின் பழைய கதையை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் ஒருவர் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு. இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? வந்த வாத்தியத்தை வீட்டுப் பிள்ளையாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆகையால் கிடார் குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. புதிய பதிவுகள் பலவற்றில் இயந்திரத் தாளம் முன்னால் நடக்க, மனிதக் குரல் பின்னால் ஓடுகிறது. நடவில் பாட்டு மூச்சுக்கு ஏற்ப நீளும், குறுகும். சேற்றில் கால் புதைந்தால் தாளம் ஒரு கணம் காத்திருக்கும். பதிவறையில் அந்தக் காத்திருப்பு இல்லை. பின்பாட்டுப் பாட ஆறு பெண்களை அழைப்பதற்குப் பதிலாக ஒரே குரலை ஆறு தரம் ஒட்டிவிடுகிறார்கள். செலவு மிச்சம், உயிரும் மிச்சமில்லை. நல்ல ஆல்பத்தையும் சாதாரண ஆல்பத்தையும் பிரித்தறிய இது ஒரு உரைகல்.

ஒரு பாட்டின் வழக்கு

இரண்டாவது உரைகல் இன்னும் முக்கியமானது. பாட்டின் மேல் யார் பெயர் இருக்கிறது?

2021 மார்ச் 7ந் தேதி ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளிவந்தது. இசை சந்தோஷ் நாராயணன், பாடியவர்கள் தீ, அறிவு, வரிகள் அறிவு. ‘என் சாமி’ என்று கொஞ்சும் கிராமத்துப் பேச்சே தலைப்பாயிற்று. நிலத்தை உழுதவனுக்கு நிலமில்லாத கதை, 40 கோடிக்கு மேல் பார்வைகளைப் பெற்று உலகம் சுற்றியது. சினிமாவின் துணையின்றி ஒரு தமிழ்ப் பாட்டு இவ்வளவு தூரம் போனது அபூர்வம்.

புகழோடு பூசலும் வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் அட்டையில், இந்தப் பாட்டைக் குறிப்பிட்டும், எழுதியவரான அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28ந் தேதி சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு பாடப்பட்டது. அதன் பின் பாட்டின் உருவாக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்று மூவரும் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டுக்காகத் தங்களில் யாருக்கும் வருமானம் வந்து சேரவில்லை என்று கூறினார். அது அவர் தரப்பின் கூற்று. தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமல்ல. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. உலகறிந்த கலைஞர்களின் கணக்கே இப்படிச் சிக்கலாகும்போது, பெயரே தெரியாத நடவுக்காரப் பெண்ணின் கணக்கு என்ன ஆகும்?

சட்டம் சொல்வது

முன்னோர் பாட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அது ஊர்ப் பொதுக் குளம் போல. ஆனால் அந்தப் பாட்டை ஒருவர் பதிவு செய்தால், அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பொதுக் குளத்துத் தண்ணீரைப் புட்டியில் அடைத்தவன் புட்டிக்குச் சொந்தக்காரன் ஆகிறான்.

பாடியவளுக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடகர், நடிகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை எல்லோரையும் ‘நிகழ்த்துபவர்’ என்று அங்கீகரிக்கிறது. நிகழ்த்துபவர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012ல் நடந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நிகழ்ச்சியை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியில் பங்கு கேட்கலாம். அது மட்டுமல்ல, ‘இதைப் பாடியது நான்’ என்று பெயர் சொல்லும்படி கேட்கவும் உரிமை உண்டு. அதாவது, ஒலிவாங்கியின் முன் நடவுப் பாட்டுப் பாடிய கிழவிக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தக் கிழவிக்கு அதை யார் போய்ச் சொல்வது என்பதுதான் கேள்வி.

தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் கிடைத்தது. மரத்தைக் கடைந்து வாத்தியம் செய்தவருக்கு மரியாதை, மகிழ்ச்சிதான். தொண்டையையே வாத்தியமாக்கியவளுக்கு?

கேட்பவர் கையில்

தஞ்சாவூரில் 1981ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது. தென்னகப் பண்பாட்டு மையமும் இதே ஊரில்தான். பாட்டைப் பதிந்து வைப்பதோடு, பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதி, உரிமைப் பத்திரம் ஒன்றை அவர் கையில் கொடுத்தால் அது பெரிய உபகாரம். இசைக் கோஷ்டிகளுக்கும் கடமை உண்டு. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எந்த ஊரில் யாரிடம் கேட்டது என்று இரண்டு வரி சேர்த்தால் பாட்டின் அழகு குறைந்துவிடாது.

ரசிகரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு புதிய ஆல்பம் கைக்கு வந்தால் மெட்டைக் கேட்பது போல் பெயர்ப் பட்டியலையும் பார்க்கலாம். பெயர் இருந்தால் பாராட்டலாம், இல்லாவிட்டால் கேட்கலாம்.

அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் நெல் குவியும். வீட்டுக்கு வண்டி கிளம்புமுன் மரக்கால் எடுத்துக் கூலி அளப்பது பழைய காலத் தஞ்சாவூர் முறை. அளவு குறைந்தது என்று கேட்டதற்காகவே எத்தனையோ சண்டைகள் இந்த மண்ணில் நடந்திருக்கின்றன. பாட்டும் ஒரு விளைச்சல்தான். குவியல் பெரிதாகியிருக்கிறது, வண்டிகளும் ஓடத் தொடங்கிவிட்டன. மரக்காலை எடுக்க வேண்டிய நேரம் இது.