கலங்கிய பையை வீசிவிடாதீர்கள்

சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, அதன்வழி திரவத்தை விட்டு வடித்து, வீட்டிலேயே இரத்தத்தைச் சுத்திகரிப்பதுண்டு. பெரும்பாலும் நாளுக்கு 4 தடவை பை மாற்றவேண்டும். நோயாளி நீங்களாயினும், கணவருக்கோ பிள்ளைக்கோ பை மாற்றுபவராயினும், அஞ்சவேண்டியது கிருமித்தொற்றுக்கே.

பை மாற்றுமுன் கதவு, யன்னலைச் சாத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வாயையும் மூக்கையும் மூடிக் கட்டுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். குழாயின் முனை கையிலோ உடுப்பிலோ படக்கூடாது. பட்டுவிட்டால் குழாயைப் பூட்டிவிட்டு உடனே கிளினிக்கிற்கு அறிவியுங்கள். ஏசுவார்களோ என்று மறைக்கவேண்டாம். குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்போ சீழோ உண்டா என நாளாந்தம் பாருங்கள். குளத்தில் முழுகவேண்டாம். மலச்சிக்கலையும் கவனியுங்கள், அதுவும் தொற்றுக்கு வழிவிடும்.

வடிந்த பையைப் பத்திரிகைத்தாளின் மேல் வையுங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரியவேண்டும். திரவம் கலங்கியிருந்தாலோ, வயிற்றுநோவு, காய்ச்சல் கண்டாலோ 'விடியட்டும் பார்ப்போம்' என்றிருக்காதீர்கள். பிந்தினால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எந்தக் கிருமி என்பதை அந்தத் திரவத்திலிருந்தே கண்டறிவார்கள்.

கிருமிகொல்லி மருந்தைப் பெரும்பாலும் திரவத்தோடு கலந்து வயிற்றினுள்ளேயே விடுவார்கள். சிகிச்சை 2 முதல் 3 வாரம் நீளும். நோ குறைந்ததும் இடையில் நிறுத்தவேண்டாம். 5 நாளாகியும் திரவம் தெளியாவிட்டால் குழாயையே அகற்ற நேரிடலாம்.

நேரத்தோடு போனால் பெரும்பாலானோருக்குச் சுகமாகும், குழாயும் தப்பும்.