ஆசிரியர் பட்டியலைக் காட்டுங்கள்

பிளஸ் டூ மாணவர்கள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே புனேயின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் சேர்க்கைச் சுற்றுகள் தொடங்கிவிடுகின்றன. நுழைவுத் தேர்வு, கட்டுரை, நேர்காணல், பிறகு இடத்தை உறுதிசெய்ய முன்பணம். சென்னை, கோவைப் பெற்றோர் சிலரும் இப்போது அந்த வரிசையில் நிற்கிறார்கள். பொறியியல், மருத்துவம் தவிர வேறு படிப்பே இல்லை என்றிருந்த வீடுகளில், பொருளாதாரத்தோடு உளவியலும் படிக்கலாம், கூடவே நாடகமும் எடுக்கலாம் என்ற பேச்சு எழுவது நல்ல மாற்றம்தான். அதை வரவேற்கிறோம். ஆனால் ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கேட்கும் இடத்தில், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துதான் கட்ட வேண்டும்.

நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் திடல் எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. பல இடங்களில் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. இத்தகைய சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி கூடுதலாகத் தருவதாகச் சொல்வது ஆசிரியரின் நேரத்தை. மாணவர் எழுதிய கட்டுரையை வரிவரியாகப் படித்து, கூப்பிட்டு உட்கார வைத்து, ‘இந்த வாதம் ஏன் நிற்கவில்லை’ என்று கேட்கும் ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அதிகக் கட்டணம் வாங்கும் சாதாரணக் கலைக் கல்லூரி, அவ்வளவே. எனவே கட்டணம் வாங்குவதற்கு முன், ஆசிரியர்கள் யார், எப்போது சேர்ந்தார்கள், நிரந்தரப் பணியா ஒப்பந்தமா என்பதைக் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கையை வைக்கப் புனேயைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1885-ல் டெக்கான் கல்விச் சங்கம் ஃபெர்கூசன் கல்லூரியைத் தொடங்கியபோது அதன் மூலதனம் ஆசிரியர்கள்தான். திலகர், அகர்கர் போன்ற இளைஞர்கள் தொடங்கிய முயற்சி அது. சங்கத்தின் ஆயுள் உறுப்பினராகச் சேருபவர் மாதம் 75 ரூபாய்ச் சம்பளத்தில் இருபது ஆண்டு பணியாற்ற உறுதி தர வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் கோபால கிருஷ்ண கோகலே. ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளாதாரம் என்று எதைக் கொடுத்தாலும் நடத்துவார் என்பதால், கேட்டால் கிடைக்கும் பேராசிரியர் என்று அவரைக் கேலியாகச் சொன்னார்கள். 1899-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற பராஞ்பே, லண்டனிலோ கல்கத்தாவிலோ பெரிய பதவி தேடாமல் தான் படித்த ஃபெர்கூசனுக்கே திரும்பி 1902-ல் முதல்வரானார். ஏறக்குறைய இருபது ஆண்டு அங்கேயே இருந்தார். எல்லாம் சுமுகமாக நடந்ததென்று நினைக்க வேண்டாம். சம்பளம், வெளி வருமானம் பற்றிய சண்டைகள் முற்றித்தான் 1890-ல் திலகர் சங்கத்தைவிட்டு வெளியேறினார். தியாகத்தை மட்டும் நம்பிக் கல்லூரி நடத்த முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இன்றைய ஆசிரியர் 75 ரூபாய்க்கு உழைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கௌரவமான சம்பளம் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கை.

அதே புனேயில் அதற்கும் முன்பே எழுந்த இன்னொரு குரலையும் மறந்துவிட முடியாது. 1882-ல் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் புலே கொடுத்த அறிக்கையின் சாரம் இது: உழவர்கள் கட்டும் வரிப்பணம் மேல்சாதியினரின் உயர்கல்விக்குப் போகிறது, உழவர் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளிகூட இல்லை. 1848-லேயே பெண்களுக்குப் பள்ளி திறந்தவர் சொன்ன குறை இது. இன்று தனியார் கல்லூரியில் வரிப்பணம் இல்லை, பெற்றோர் பணம்தான் என்று பதில் சொல்லலாம். ஆனால் அங்கே யார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்ற புலேயின் கேள்வி அப்படியே இருக்கிறது. 2005-ல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தம் தனியார் நிறுவனங்களிலும் இட ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. உதவித்தொகை தருகிறோம் என்று கல்லூரிகள் சொல்கின்றன. எத்தனை பேருக்கு, எவ்வளவு, முதலாண்டுக்கு மட்டுமா கடைசி ஆண்டு வரையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் குறைந்தால் இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை நிற்கும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கக்கூடும்.

இனி ஆசிரியர் பட்டியலுக்கு வருவோம். தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த தரவுகளைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். பக்கத்தின் அடியில் ஏதோ மூலையில் பிடிஎஃப் கோப்பாகக் கிடக்கும். அதில் ஆசிரியர் பெயர், தகுதி, எத்தனை மாத அனுபவம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வகைப் பணி என்று கட்டம் கட்டமாக இருக்கும். சேர்ந்த தேதியைப் பாருங்கள். துறையில் பாதிப் பேர் போன வருடமும் இந்த வருடமும் சேர்ந்தவர்கள் என்றால், முதலாண்டில் உங்கள் பிள்ளையை அறிந்த ஆசிரியர் நான்காம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் எழுத அங்கே இருக்கமாட்டார். எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் பெற்றார்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதும் அதே கோப்பில் உண்டு. விளம்பரத்தில் வரும் ‘அதிகபட்ச சம்பளம்’ ஒரு மாணவருடையது. இடைநிலைச் சம்பளம்தான் வகுப்பின் நிலவரம். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் தரச்சான்று ஒன்றைக் காட்டி முடித்துக்கொள்ளப் பார்த்தால் விடாதீர்கள். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்களையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்த பிறகு, அந்தச் சான்றை மட்டும் நம்பிப் பணம் கட்டச் சொல்ல எங்களால் முடியாது.

சிறிய கல்லூரிக்கென்றே உள்ள ஒரு சிக்கல் பலருக்கும் தெரிவதில்லை. கையேட்டில் முப்பது நாற்பது விருப்பப் பாடங்கள் இருக்கும். போதிய மாணவர் சேராத பாடம் அந்தப் பருவத்தில் திறக்கப்படாது. தத்துவம் படிக்கப் போன பிள்ளை கடைசியில் மார்க்கெட்டிங் வகுப்பில் உட்காரும் கதை இங்கேதான் தொடங்குகிறது. கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, சென்ற ஆண்டின் கால அட்டவணையைக் கேளுங்கள். எந்தப் பாடம் நடந்தது, எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அதில் தெரியும். நல்ல முன்மாதிரிகளும் இதே ஊரில் உண்டு. லவளேயில் உள்ள ஃபிளேம் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் குழுவாக நாட்டின் ஏதோ ஒரு பகுதிக்குப் போய் ஆராய்ந்து, வந்து அரங்கில் விளக்கும் ‘டிஸ்கவர் இந்தியா’ திட்டம் இருக்கிறது. அது போன்ற பயிற்சியைத்தான் இந்தப் படிப்பில் தேட வேண்டும்.

பட்டச் சான்றிதழில் என்ன அச்சாகிறது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். யுஜிசி சட்டம் 22-ஆம் பிரிவின்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கே உண்டு. ஃபிளேம் 2007-ல் தொடங்கினாலும் பல்கலைக்கழகமானது 2015-ல்தான். 2011-ல் வந்த சிம்பயாசிஸ் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் அங்கம். புதிதாக வரும் கல்லூரிகளிடம் ‘பட்டம் யார் பெயரில்’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தமிழ்நாட்டு அரசு வேலைக்கு, குறிப்பாக ஆசிரியர் பணிக்கு, வர எண்ணுபவர்களுக்கு இன்னொரு கேள்வி. பொருளாதாரத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தாலும் சான்றிதழில் ‘பி.ஏ. லிபரல் ஆர்ட்ஸ்’ என்றிருந்தால், அது பி.ஏ. பொருளாதாரத்துக்கு இணையா என்று அரசாணை தேடி அலைய நேரலாம். இதே போலத்தான் நான்காம் ஆண்டும். யுஜிசி 2022-ல் வெளியிட்ட வரைமுறைப்படி 120 மதிப்புப் புள்ளிகளோடு மூன்றாண்டில் பட்டம் பெற்று வெளியேறலாம்; நான்காண்டில் 160 பெற்றால் ஆனர்ஸ். ஆய்வோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் தேவை. நான்காம் ஆண்டுக் கட்டணமும் சில லட்சம் என்பதால் அது தேவையா என்பதைச் சேரும்போதே யோசியுங்கள்.

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குத்தான். வங்கிக்குப் போகும் முன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறிடத்தில் இடம் கிடைத்து விலகினால், கல்லூரி அறிவித்த கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுத்தவருக்குச் சிறு செயல்முறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும் என்கிறது 2018-ல் வந்த யுஜிசி அறிவிக்கை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் கிடையாது.

பெரிய பெயர் இருந்தால் போதும் என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய யேல்-என்யூஎஸ் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி 2013-ல் முதல் வகுப்பைத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் மூடல் அறிவிப்பு வந்தது; 2025-ல் கடைசி அணி வெளியேறியது.

தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் படிப்புக்காகப் புனே போக வேண்டிய அவசியம் நம் பிள்ளைகளுக்கு ஏன் வந்தது? அமெரிக்க மிஷனரிகள் 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி மதுரையில் இருக்கிறது. 1978-ல் தன்னாட்சி பெற்ற முதல் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அரசு கலைக் கல்லூரிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றில் வகுப்பெடுப்பவர்களில் பெரும் பகுதியினர் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள். மகாராஷ்டிரத்தில் மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஆசிரியர்களின் நிலையும் வேறல்ல. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள், பாடங்களைக் கலந்து படிக்கத் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுங்கள்.

மாணவர்களே, அடுத்த ஆண்டுச் சேர்க்கை அதற்குள் தொடங்கிவிடும். முன்பணம் கேட்கும் கல்லூரியிடம் ஆசிரியர் பட்டியலையும் சென்ற ஆண்டு கால அட்டவணையையும் கேளுங்கள். தர மறுக்கும் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள்.