மெஷினுக்குள் போகாத சட்டிகளை யார் கழுவுவது?



வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் உம்மாவின் கைவலியை நினைத்து டிஷ் வொஷர் வாங்கிக் கொடுப்பது இப்போது எங்கள் ஊர்களிலும் நடக்கிறது. நல்ல விஷயம். அதைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. ஆனால் "இனி உம்மாவுக்குக் குசினியில் வேலையே இல்லை" என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழும்பிப் போய்விடுகிறோம். அது சரியில்லை. எங்கள் குசினிகளில் உள்ள சாமான்களில் பெரும் பகுதி அந்த மெஷினுக்குள் போகக் கூடாதவை. போட்டால் சாமான் கெடும். போடாவிட்டால் யாரோ கையால் கழுவ வேண்டும். அந்த "யாரோ" யார் என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது வெறுமனே சுடுதண்ணீர் தெளிக்கும் பெட்டி இல்லை. கையால் கழுவப் பாவிக்கும் திரவம் மென்மையானது. மெஷினுக்குப் போடும் தூளும் வில்லையும் காரத்தன்மை கூடியவை. அவற்றில் சோடியம் காபனேற்றும், வெளிற்றும் பொருளும், நொதியங்களும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். தண்ணீரின் சூடு 45 முதல் 70 பாகை செல்சியஸ் வரை போகும். தேய்ப்பதற்குக் கை இல்லாத இடத்தில், அந்த வேலையைக் காரமும் சூடும் நேரமும் சேர்ந்து செய்கின்றன. ஒரு தடவை கழுவி முடிய ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கலாம். சாதாரண கண்ணாடி, பூவேலை இல்லாத பீங்கான், நல்ல சில்வர் எல்லாம் இதைத் தாங்கும்.

தாங்காதவை எவை?

அலுமினியம். சோற்றுப் பானை, புட்டுக் குழல், அப்பத் தாச்சி என்று எங்களிடம் அதிகம் இருப்பது இதுதான். அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படை ஒன்று இருந்து அதைப் பாதுகாக்கிறது. காரம் அந்தப் படையைக் கரைத்துவிடும். அதனால்தான் பளபளவென்று உள்ளே போன பானை சாம்பலும் கறுப்புமாக வெளியே வருகிறது. பிறகு துடைத்தால் துணியிலும் கறுப்பு ஒட்டும்.

மரமும் சிரட்டையும். சிரட்டை அகப்பை, மர இடியப்ப உரல், மரப் பலகை எல்லாம் தண்ணீரை உறிஞ்சி ஊதும். உலர்த்தும் சூட்டில் சுருங்கும். சில தடவைகளில் வெடிப்பு விழும். வெடிப்புக்குள் அழுக்கு சேர்ந்தால் சுத்தம் செய்யப் போட்ட சாமானே அசுத்தமாகிவிடும்.

மண்சட்டி. மினுக்கம் பூசாத மண் நுண்துளைகள் நிறைந்தது. மீன் ஆணத்தின் புளியையும் கொச்சிக்காயையும் உறிஞ்சி வைத்திருப்பது போலவே சவர்க்காரத்தையும் உறிஞ்சும். அடுத்த நாள் கறியில் அது தெரியும். இதற்குச் சுடுதண்ணீரும் தும்பும் போதும்.

இரும்புத் தாச்சி. பல வருடம் எண்ணெய் காய்ந்து காய்ந்து இறுகிய கறுப்புப் படைதான் அதை ஒட்டாமல் வைத்திருக்கிறது. மெஷின் அதை உரித்துவிடும், மறுநாள் துருப் பிடிக்கும். கையால் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி வைப்பதுதான் வழி.

கத்தியின் கூர் மழுங்கும், மரப்பிடி கழன்று வரும். நொன்ஸ்டிக் பூச்சும் ரைஸ் குக்கரின் உட்பானையும் சீக்கிரம் தேயலாம். மெஷினில் போடலாம் என்று சாமானின் அடியிலோ பெட்டியிலோ குறி இருக்கிறதா என்று பார்க்காமல் போட வேண்டாம். பிளாஸ்க்கின் இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் அது சூடு தாங்காது. பித்தளை மங்கும். பொன் விளிம்புப் பீங்கானின் பொன் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும். உம்மாவின் கலியாணத்துக்கு வந்த பீங்கான் என்றால் கடையில் வாங்கித் திருப்பி வைக்கவும் முடியாது.

ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹனும், நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய சட்டியும் இந்தக் கணக்கிலேயே இல்லை. சாதாரண மெஷினில் அவற்றுக்கு இடம் கொள்ளாது.

இப்போது கணக்குப் பாருங்கள். மெஷின் எடுத்துக்கொள்வது கிளாஸ், கோப்பை, கரண்டி. இவை முன்பும் ஐந்து நிமிட வேலைதான். மிஞ்சுவது அடிப்பிடித்த பானை, ஆணச் சட்டி, தாச்சி, உரல். கை வலிக்கிற வேலை முழுக்க உம்மாவிடமே இருக்கிறது. அதற்கு மேல், கோப்பையை அடுக்குவதும் எடுப்பதும் மெஷினின் வடியைத் துப்புரவு செய்வதும் புது வேலையாகச் சேர்ந்திருக்கிறது.

றமழானில் இது நன்றாகத் தெரியும். எல்லோரும்தான் நோன்பு. இஃப்தார் முடிந்து, ஆண்கள் தராவீஹுக்கு ஆயத்தமாகிறோம். அந்த நேரம் வீட்டுப் பெண்கள் கஞ்சிச் சட்டியோடு நிற்கிறார்கள். அவர்களுக்கும் அந்த இரவின் இபாதத்தில் பங்கு வேண்டாமா?

"ஆம்பிளைப் பிள்ளை சட்டி கழுவுவதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்து, தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் போவார்கள் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதை மிம்பரில் கேட்டுத் தலையாட்டுகிற நாங்கள் குசினி வாசலில் மறந்துவிடுகிறோம்.

"உம்மாவே விடமாட்டா" என்று சொல்பவர்களும் உண்டு. உண்மைதான். பல உம்மாமார் பஞ்சை எங்கள் கையிலிருந்து பறித்துவிடுவார்கள். அதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. எதை எப்படிக் கழுவுவது என்று எங்களுக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தும்பால் தேய்க்க வேண்டியதைக் கம்பியால் தேய்த்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது. ஆகவே முதலில் கேட்டுப் படிக்க வேண்டும். காரத்தில் அலுமினியம் கரையும் என்று பரீட்சைக்குப் பாடமாக்கும் எங்கள் ஆண் மாணவர்கள், அந்தப் பாடத்தை வீட்டுச் சோற்றுப் பானையில் பார்ப்பதில்லை. மனைப் பொருளியல் பெண் பிள்ளைகளின் பாடம் என்று நாங்களே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், எவை உள்ளே போகக் கூடாது என்று உம்மாவோடு இருந்து ஒரு பட்டியல் எழுதி மெஷினின் கதவில் ஒட்டுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை யார் எந்த நாள் கழுவுவது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். வாப்பாவின் பெயரும், படிக்கிற தம்பியின் பெயரும், லீவில் வரும் நாநாவின் பெயரும் அதில் இருக்கட்டும். வருகிற நோன்பில் கஞ்சிச் சட்டியை ஆண்கள் கழுவி வைத்துவிட்டுத் தராவீஹுக்குப் போவோம். இஃப்தார் முடிந்த கையோடு தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.