உப்பிட்டவர் யார்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது தமிழர் போற்றும் பண்பு. பத்திரிகை நிருபருக்கோ இப்பண்பே விலங்காகிவிடுகிறது!

1929ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்று நியூயார்க் வீதியில் இளம்பெண்கள் சிலர் சிகரெட் புகைத்தபடி நடந்தனர். பெண் விடுதலையின் குரலென்று ஏடுகள் அதனைச் செய்தியாக்கின. அக்காட்சியை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர்; அவருக்குப் பணம் தந்ததோ புகையிலைக் கம்பெனி. அங்கே ஏமாந்தது கண்.

1986இல் புளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டின் 15ஆம் ஆண்டு விழாவுக்கு ஆயிரக்கணக்கான செய்தியாளர்கள் அழைக்கப்பட்டனர். விமானப் பயணம், தங்கும் விடுதி, விருந்து யாவற்றையும் இலவசமாகவே பெறலாம்; விரும்பினால் பணம் கட்டவும் வழியிருந்தது. இலவசமாகச் சென்றோர் பலர். இங்கே கட்டுண்டது கை.

பரிசு பெற்றவரெல்லாம் பொய் எழுதுவார் என்று நாம் கூறவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர் கேளாமல் விட்டால் போதும். கொடுத்தவருக்கு அதுவே இலாபம். நட்டமோ, காசு கொடுத்து ஏடு வாங்கும் வாசகருக்கு!

நிருபர் பரிசு பெறலாகாது என இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. நெறி மட்டும் போதுமா? அற்பச் சம்பளம் தந்து, வழிச்செலவும் தராமல் நிருபரை அலையவிடும் முதலாளிக்கும் இக்குற்றத்தில் பங்கில்லையா?

நாளை பேனா பிடிக்கப்போகும் மாணவ நண்பர்களே! நிருபருக்கு உப்பிடுபவர் விருந்து வைப்பவரல்லர், வாசகரே. அவரை உள்ளளவும் நினைப்போம்.